மூன்று நிமிடத் தூக்கம்

அத்தியாயம் 14

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். ஏழரைக்கு ரயில். அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

பெரியவன் தங்கையின் போனுக்கு அனுப்பிய செய்தி அவ்வளவுதான். நாலு வருஷம் வாயைத் திறக்காதவன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு அந்த வீடு எட்டு நாள் ஓடியது. அம்மா ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். சின்னவள் மட்டும் ஒரு லேப்டாப்போடு மல்லுக்கு நின்றாள்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

அப்பா மொத்தக் காய்கறிச் சந்தையில் முப்பத்தோரு வருஷம் ஏலம் விட்டவர். அவர் "ஒரு தரம்" என்றால் கடைசி வாசலில் மூட்டை இறக்குகிறவனும் திரும்பிப் பார்ப்பான். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. குரல் போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவு அவருக்கு ஒரு லேப்டாப்பை இரவல் கொடுத்திருந்தது. சொல்ல நினைப்பதைத் தட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கினால் அது வாய்விட்டுச் சொல்லும். நோட்டில் எழுதிக் காட்டினால் போதாதா என்று அம்மா ஆரம்பத்தில் கேட்டதுண்டு. அதற்கு அப்பா நோட்டிலேயே பதில் எழுதினார்.

"எழுதினா எல்லாரும் நோட்டைப் பாக்கறாங்க. குரல் வந்தா என் மூஞ்சியைப் பாக்கறாங்க."



லேப்டாப்பில் குறை ஒன்றே ஒன்று. மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். எழுப்பினால் கடவுச்சொல் கேட்கும். எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு. மூன்று தடவை தப்பாகத் தட்டினால் கால் மணி நேரம் கதவடைப்பு. அப்பா ஒற்றை விரலால் தட்டுகிறவர். அரை வாக்கியம் தட்டுவார், நிறுத்துவார், யோசிப்பார். யோசிப்பதை அந்த யந்திரம் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை.

வருகிறவனுக்கு இருப்பது இரண்டரை மணி நேரம். அதில் அப்பா சொல்லவேண்டிய ஒரு வார்த்தை பாதியில் தூங்கிப்போனால், அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்விட்டால், இன்னொரு நாலு வருஷம்.

சின்னவள் லேப்டாப்போடு மல்லுக்கு நின்றது இந்த நினைப்பில்தான்.

*

வேடிக்கை என்னவென்றால், தூங்குகிற லேப்டாப்தான் அவளுடைய பிழைப்பு.

ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தாள். நானூற்றுச் சொச்சம் லேப்டாப். அத்தனையும் ஐந்து நிமிடத்தில் தூங்கும்படி வைத்தது அவளும் இன்னும் இரண்டு பேரும்தான். அதை மாற்றும் உரிமை நிர்வாகிகளான அந்த மூன்று பேருக்கு மட்டும். மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் அமுக்க முடியாதபடி சாம்பல் பூத்துக் கிடக்கும். மேலே ஒரு வரி இருக்கும். 'இந்த அமைப்புகளை உங்கள் நிர்வாகி கவனித்துக்கொள்கிறார்.'

நிர்வாகி என்ற அந்த அருவமான ஆள் தான்தான் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அப்பாவின் லேப்டாப்பில் அதே வரியை முதன்முதலாகப் பார்த்த அன்று அந்தப் பெருமை போய்விட்டது.

காலையில் தபால் பிரிவுக்குப் போனாள். அங்கே இருந்த மேடத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. அவர் லேப்டாப் மட்டும் ஒரு நாளும் தூங்குவதில்லை என்று புகார். காரணம் மேசைமேலேயே இருந்தது.

"மேடம், இது என்ன?"

"வாட்ச்."

"மவுஸுக்கு அடியில என்ன பண்ணுது?"

"ஓடுது."

மவுஸின் அடியில் இருக்கிற விளக்கு, நொடி முள் நகர்வதைக் கையசைவு என்று நினைத்துக்கொள்கிறது. திரையில் அம்புக்குறி லேசாக நடுங்கும். யாரோ மும்முரமாக வேலை செய்கிறார்கள் என்று லேப்டாப் நம்பி விழித்திருக்கும். மேடம் அந்த நேரத்தில் மாடிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

இதற்கு எதிராகச் சுற்றறிக்கை எழுதியவளே சின்னவள்தான். இன்று அவள் வாட்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"எந்த வாட்சா இருந்தாலும் ஆகுமா?"

மேடம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "முள்ளு வாட்சா இருக்கணும். ஏம்மா, திருடனைப் பிடிக்க வந்தவ திருடன்கிட்டயே பாடம் கேக்கறே?"

சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். மேடம் சிரிப்பதை நிறுத்தினார். வாட்சைக் கொடுத்தனுப்பவும் தயாராக இருந்தார். ஆனால் அதை நினைத்துப் பார்த்தபோதே சின்னவளுக்குக் கூசியது. நாலு வருஷத்துக்குப் பிறகு மகனைப் பார்க்கிற மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மவுஸைத் தூக்கி வாட்ச்மேல் வைப்பதா?

பையில் வேறொரு வழியும் இருந்தது. ஒரு பென் டிரைவ். அதைச் செருகினால் பத்து நிமிடத்தில் பூட்டை உடைத்துவிடலாம். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் லேப்டாப் திரும்பிப் போய்விடும், அப்பாவின் குரல் இரண்டாம் தடவையாகப் போகும். பென் டிரைவ் பைக்குள்ளேயே கிடந்தது.

மிச்சம் இருந்தது முறையாகக் கேட்பது.

*

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் போனை எடுப்பவர் எப்போதும் ஒருவர்தான். முகம் தெரியாது. குரலைக் கேட்டால் முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"எட்டாவது."

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

"நீங்கதான் தேதியோட சொல்றீங்களே."

உண்மைதான். அவள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். போன மாதம் பதினாலாம் தேதி, பெரியவனை வரச்சொல்லி எழுதட்டுமா என்று அம்மா கேட்டபோது தூங்கிவிட்டது. இருபதாம் தேதி, சிகரெட்டை நிஜமாகவே விட்டாயிற்றா என்று டாக்டர் கேட்டபோது தூங்கிவிட்டது. மூன்றாம் தேதி, பக்கத்து வீட்டுக்காரர் உடம்பு எப்படி என்று கேட்டபோது. இப்படி ஏழு.

"கேள்வி கேட்டாத் தூங்கிடுது. எங்க மேலதிகாரி மாதிரியே இருக்கு," என்றார் அவர்.

சின்னவள் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

அவர் மறுபடியும் காரணத்தை விளக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நோயாளி ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கிப்போனார். மெத்தை கருகியது. ஆள் பிழைத்தது அதிர்ஷ்டம். அதிலிருந்து மூன்று நிமிடம் என்பது கல்வெட்டு. நோயாளிகள் யாருக்கும் மாற்றுகிற உரிமை கிடையாது.

"உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படிக் கேட்டா நீங்க கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

"அப்புறம்?"

"மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

பிறகு அவள் தொழில் பேச்சை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றிச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன் அப்பா சந்தை நடுவில், எல்லா வியாபாரிகளுக்கும் எதிரில், இனி என் மகன்தான் ஏலம் விடுவான் என்று அறிவித்தார். அவனைக் கேட்கவில்லை. அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் ஆசை. கத்திப் பிழைக்கிற பிழைப்பு வேண்டாம், ஒரு நாள் தொண்டை போனால் என்ன செய்வீர்கள் என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டான். அப்பா மேசையைத் தட்டினார். "போ. ஒரு தரம். போ. ரெண்டு தரம். போ. மூணு தரம்." மூன்றாம் தரம் சொல்லியாகிவிட்டால் சந்தையில் பேச்சு கிடையாது. அவன் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு நிஜமாகவே தொண்டை போயிற்று.

"ஆபரேஷன் அன்னைக்கு வந்தான். வார்டு வாசல்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு உள்ள வராமலே போயிட்டான். தன் வாய்தான் பலிச்சிடுச்சுன்னு நினைக்கிறான். இன்னைக்கு அஞ்சு மணிக்கு வர்றான்."

மறுமுனையில் விசைகள் தட்டப்படுவது கேட்டது.

அவர் ஒரு வழி சொன்னார். உரிமை கொடுக்க அவரால் முடியாது. ஆனால் பயிற்சி அறை லேப்டாப்புகள் என்று ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. அவை ஒரு மணி நேரம் விழித்திருக்கும். அப்பாவின் லேப்டாப்பை அந்தக் கூட்டத்தில் தூக்கிப் போடலாம், திங்கட்கிழமை காலை வரைக்கும். வீட்டில் ஒரு தடவை முழுசாக அணைத்துப் போட்டால் புது விதி ஏறிவிடும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. மூடியை மூடினாலும் அது தூங்காது. மெத்தைமேல வைக்கக்கூடாது. மேசைமேல மட்டும்தான்."

"மேலதிகாரி கேட்டா?"

"பயிற்சின்னு சொல்றேன். பொய் இல்லையே." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆறரைக்குக் கூப்பிடறேன். நிக்குதான்னு தெரிஞ்சுக்க," என்றார்.

போனை வைத்த பிறகுதான் சின்னவள் கவனித்தாள். நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தாள். அப்பா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துத் துளையை மறைக்கிற வெள்ளைத் துணி புதுசு. அம்மா அவரைச் சுற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்குங்கன்னு நாலு தரம் சொல்லிட்டேன். காது நல்லாத்தானே இருக்கு?"

அப்பா காலைத் தூக்கினார். கண் திரையிலேயே இருந்தது.

சின்னவள் சந்தோஷமாக விஷயத்தைச் சொல்லி, ஒரு நிமிடம் அணைத்துப் போடவேண்டும் என்றாள். அப்பா அகன்ற கையை விரித்து லேப்டாப்பின்மேல் வைத்தார். நகரவில்லை.

"அப்பா, ஒரே நிமிஷம்."

அவர் நோட்டை இழுத்து எழுதினார்: "உள்ள ஒண்ணு இருக்கு."

அவளுக்கு விளங்கியது. எட்டு நாளாக அவர் தட்டிக்கொண்டிருந்ததில் எதையும் சேமிக்கவில்லை. சேமிப்பது என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வாயால் சொன்னதே சாசனம் என்று முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தவர். லேப்டாப் தூங்கி எழும்போது வார்த்தை அப்படியே இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார். எட்டு நாள் அந்த வார்த்தைகள் தூக்கத்தின் மடியில் மட்டும் இருந்திருக்கின்றன. ஒரு தடவை பேட்டரி முழுசாகத் தீர்ந்திருந்தால் எல்லாம் காற்றோடு போயிருக்கும்.

"தீர்ந்திருக்காது," என்றாள் அம்மா, துணியைப் பிழிந்தபடி. "அவருக்குச் சாப்பாடு போடறப்போ எல்லாம் அதுக்கும் வயரைச் சொருகிடுவேன். ரெண்டும் ஒரே நேரத்தில சாப்பிடும்."

சின்னவள் சேமித்துக் கொடுக்கக் குனிந்தாள். அப்பா இன்னொரு கையையும் திரையின்மேல் வைத்து மறைத்தார்.

ஆகவே அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நானூறு பேருக்குப் போனில் வழி சொல்லிப் பழகியவள், சொந்த அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். மேலே இடது மூலைக்குப் போங்க. கோப்புன்னு இருக்கா? அதை அமுக்குங்க. நாலாவது வரி. இப்ப பேர் கேக்கும். என்ன பேர் வேணாலும் வைக்கலாம்.

பின்னால் விசைச் சத்தம் ஒவ்வொன்றாக விழுந்தது. நடுவில் நீண்ட நிறுத்தம். அம்மா தரை துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க முயன்றிருக்கவேண்டும். மேசையை விரலால் தட்டி அதட்டுகிற ஓசை கேட்டது.

"சரி சரி, பாக்கலை," என்றாள் அம்மா.

அணைத்துப் போட்டார்கள். மறுபடி எழுந்து வந்தபோது கோப்பு பத்திரமாக இருந்தது. பெயர் 'பெரியவன்'. அதற்குமேல் அவள் பார்க்கவில்லை.

பிறகு மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிற மாதிரி. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. திரை மங்கவில்லை. நாலு, ஐந்து. வெளிச்சம் அப்படியே நின்றது.

அம்மா மகளின் தலையை இழுத்து உச்சியில் முகர்ந்தாள். ஈரக்கையின் சோப்பு வாசனை அடித்தது.

அப்பா முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. எதையோ பறிகொடுத்தவர்போல லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். படபடப்பாக இருக்கும் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

*

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அழைப்பு மணி அடித்தது.

பெரியவன் இளைத்திருந்தான். கையில் சின்னப் பை. உள்ளே வந்து, அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அம்மா கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எந்த நேரமும் எழுந்துவிடுகிற ஆளைப்போல இருந்தான்.

அப்பா தட்டினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

"சாப்பிட்டியா?" என்றது லேப்டாப்.

செய்தி வாசிக்கிற இளம்பெண்ணின் குரல். சுத்தமான உச்சரிப்பு. பெரியவன் டீயைச் சிந்திவிட்டான்.

"இவங்க யாரு?"

"உங்கப்பாதான்," என்றாள் அம்மா. "அதுல இருக்கிறது அந்தக் குரல் ஒண்ணுதான். இப்ப இந்த வீட்டில மூணு பொம்பளைங்க பேசறோம். இந்த மூணாவது ஆள்தான் கொஞ்சம் மரியாதையாப் பேசறா."

பெரியவன் சிரித்தான். உடனே சிரித்ததற்காக வெட்கப்பட்டான். கொஞ்ச நேரம் லிஃப்ட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா சம்பளம், ஆபத்து, தங்குமிடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செய்தி வாசிக்கிற பெண் எல்லாவற்றையும் ஒரே தொனியில் கேட்டாள். மணி ஐந்தரை தாண்டியது.

பிறகு பெரியவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்பா. அன்னைக்கு சந்தையில நான் சொன்னது." தொண்டையைச் செருமினான். செருமியதற்கும் சங்கடப்பட்டான். "என் வாயில அது வந்திருக்கக்கூடாது. நான் சொன்னதுதான் உங்களுக்கு."

பாதியில் விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பாவின் கை விசைகளிலிருந்து இறங்கி மடிக்குப் போனது.

யோசிக்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். இதற்காகத்தானே இந்தப் பாடு. யோசிக்கட்டும், இன்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடத்தைத் தாண்டியது. அப்பாவின் பார்வை மகன்மேல் இல்லை. திரையின் ஓரத்தில் இருந்தது. இரண்டு நிமிடம். அப்பாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது, ரயில் வருகிற நேரம் தெரிந்து பிளாட்பாரத்தில் நிற்கிறவரைப்போல.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் யோசிக்கவில்லை. லேப்டாப் தூங்குவதற்காகக் காத்திருக்கிறார்.

நோட்டில் அவள் தேதி போட்டு எழுதிய ஏழு புகார்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அம்மா பெரியவனைப் பற்றிக் கேட்டபோது. டாக்டர் சிகரெட்டைப் பற்றிக் கேட்டபோது. பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டபோது. ஒரு தடவைகூட அது சும்மா தூங்கவில்லை. தூங்க விட்டிருக்கிறார். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் காத்தால் போதும், திரை கறுத்துவிடும், ஐயோ மறுபடியும் தூங்கிவிட்டதே என்று எல்லாரும் கடவுச்சொல்லோடு போராடுவார்கள், கேள்வி மறந்துபோகும். குரல் இருந்த காலத்தில் இதே வேலையைச் செய்தித்தாள் செய்தது. விரித்து முகத்துக்கு எதிரே பிடித்துக்கொள்வார்.

எட்டுத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே கதவைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள்.

மூன்று நிமிடம் ஆயிற்று. மூன்றரை. திரை பளிச்சென்று இருந்தது.

அப்பா மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருந்தது.

"என்னைப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றாள் அம்மா, கணவனிடம். "அது இன்னைக்குத் தூங்காது. நீங்க பேசுங்க."

பெரியவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் மௌனத்தை அவன் தனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டான். கை பையைத் தேடியது. பாதி எழுந்தும்விட்டான்.

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சின்னவள் பயந்தாள். சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. மகளைப் பார்த்து விரலை ஆட்டினார், உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன் என்பதுபோல. பிறகு மேசையை ஒரு தட்டுத் தட்டினார். சந்தையின் தட்டு. பெரியவன் தானாக உட்கார்ந்துவிட்டான்.

அப்பா கோப்பைத் திறந்தார். பொத்தானை அமுக்கினார்.

"அன்னைக்கு மூணு தரம் சொல்லி மேசையைத் தட்டினேன்," என்று ஆரம்பித்தாள் செய்தி வாசிக்கிற பெண். "ரெண்டாம் தரத்துக்கும் மூணாம் தரத்துக்கும் நடுவில நிறுத்தணும். எதிர்ல நிக்கிறவன் கேக்கறதுக்கு நேரம் விடணும். அதுதான் சந்தை விதி. முப்பத்தோரு வருஷத்தில நான் நேரம் விடாம அடிச்சது ஒரு தரம்தான். அது உனக்கு. நேரம் விடாம அடிச்ச ஏலம் செல்லாது."

பெரியவன் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா விரும்பியதும் அதைத்தான்.

"இன்னொண்ணு. நீ சொன்னதால என் தொண்டை போகலை. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட். டாக்டர்கிட்ட ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன். உங்கம்மாகிட்ட அதையும் சொல்லலை."

"அடப்பாவி மனுஷா," என்றாள் அம்மா மெதுவாக.

"அதனால மறு ஏலம். வீட்டுக்கு வந்த மகன் ஒருத்தன். எத்தனை நாளுக்குன்னு கேக்கிறவங்க கேக்கலாம்."

குரல் நின்றது. பெரியவன் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான், ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

"மூணு நாள்," என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தாலும் விலை உடையவில்லை.

"ஒரு வாரம்," என்றாள் சின்னவள்.

அப்பா இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். ஒரு விரலை உயர்த்தினார். உதடு அசைந்தது. ஒரு தரம். இரண்டு விரல். ரெண்டு தரம்.

அங்கே நிறுத்தினார்.

மேசைமேல் வெளிச்சம் மாறாமல் இருந்தது. ஏழரைக்கு ரயில், திங்கட்கிழமை வேலை, பதினாலு மாடிக் கட்டடம் எல்லாம் பெரியவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோயின. அப்பா உயர்த்திய கையை இறக்கவே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் விடாத நேரத்தை இன்று வட்டியோடு விட்டார்.

"பத்து நாள்," என்றான் பெரியவன்.

அப்பாவின் கை மேசையில் இறங்கியது. தம்ளர்கள் குதித்தன. மூணு தரம் என்று அவர் உதடு சொன்னது ஒருவர் காதிலும் விழாமல் போகவில்லை.

*

ஆறேகாலுக்கு ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பெரியவனுக்கு மாற்றுத்துணி வாங்கவேண்டும் என்று மூன்று பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். மாடிப்படியில் அம்மா இன்னும் இரண்டு பாக்கெட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல அப்பாவிடம் லேப்டாப் இல்லை. அது அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

சின்னவள் தம்ளர்களை எடுத்தாள். சிந்திய டீயைத் துடைத்தாள். லேப்டாப்பை ஓரமாக நகர்த்தப் போனபோது கோப்பு திறந்தே இருந்தது. அப்பா மூடவில்லை. எப்போதும் அதுவே தூங்கிவிடும் என்ற பழக்கம்.

'கேக்கிறவங்க கேக்கலாம்' என்ற வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு இன்னும் எழுதியிருந்தது. வெற்றிடம் வந்தால் குரல் நின்றுவிடும், பச்சைப் பொத்தான் அங்கே போய்ச் சேரவில்லை.

'பெரியவனுக்கு மட்டும். இது உன் தங்கச்சி விஷயம். அவ இல்லாதப்போ படி. ஏழு தரம் நான் பாத்துட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து அந்தக் கணினிக்காரத் தம்பி போன்ல வந்தா அவ'

திரையின் விளிம்பு அங்கே முடிந்தது. ஒரு விரல் அசைத்தால் அடுத்த வரி மேலே வரும்.

அவள் விரலை அசைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை தானாக மங்கட்டும் என்று பார்த்தாள். மூன்று நிமிடம் போயிற்று. அது விழித்துக்கொண்டே இருந்தது.

ஆறரைக்கு மேசைமேல் போன் அடித்தது.

"நிக்குதா?" என்றது மறுமுனை.

பதில் சொல்ல வாயெடுத்தவள் கீழே பார்த்தாள். நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.